இரண்டாவது வடிவத்துக்கு நேரம் கொடுங்கள்: மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே, பாடத்திட்டம் வகுப்போரே, வணக்கம்.

மாணவர்களை வேலைக்குத் தயார்செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் பள்ளிகள் முதலில் செய்வது கருவி வாங்குவதுதான். ஒரு 3டி பிரிண்டர், மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள், சென்சார்கள் நிறைந்த பெட்டி, சில லேப்டாப்கள். அடுத்து ஒரு கண்காட்சி வருகிறது. மாணவர்கள் செய்துவைத்த பொருள் அன்றைக்கு ஓடுகிறது, பார்க்க வந்தவர்கள் கைதட்டுகிறார்கள், படம் எடுத்தாகிறது. மறுநாள் கம்பிகளைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு எல்லோரும் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள்.

கருவிகளையும் மாணவர்களையும் இதில் குறை சொல்ல முடியாது. கோளாறு கால அட்டவணையில் இருக்கிறது. பொருள் முதல்முறை ஓடிய நாளையே நாம் கடைசி நாளாக வைத்துவிடுகிறோம். எந்தப் பட்டறையிலும், எந்த மென்பொருள் நிறுவனத்திலும், எந்தக் கணக்கு அலுவலகத்திலும் உண்மையான வேலை அந்த நாளில்தான் ஆரம்பிக்கிறது. செய்ததை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் நாம் நினைத்தே பார்க்காத விதத்தில் அதைப் பயன்படுத்துவார், குறை சொல்லித் திருப்பித் தருவார். எது நியாயமான குறை, எதைச் சரிசெய்ய நேரமிருக்கிறது என்று முடிவெடுத்து மறுபடி செய்ய வேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொன்னால் உற்சாகமாகத் தொடங்குகிறார்கள். பாதியில் நிற்கும் ஒன்றைக் கையிலெடுத்துத் திருத்தச் சொன்னால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பள்ளியில் யாரும் அவர்களை அப்படி ஒரு வேலையைச் செய்யவிட்டதில்லை.

புராஜெக்ட் வழிக் கற்றல் புதிய சரக்கல்ல. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் எழுதிய கட்டுரையிலேயே நோக்கம் கொள்ளுதல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல் என்று நான்கு படிகளைச் சொல்லியிருக்கிறார். முதல் மூன்றுக்கும் நம் பள்ளிகள் ஏதோ ஒரு வகையில் இடம் கொடுத்துவிட்டன. நான்காவது படியை ஆசிரியரின் சிவப்பு மையோடு முடித்துவிடுகிறோம். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் இரண்டாவது வடிவத்துக்கு, அதாவது பயன்படுத்தியவர் சொன்ன குறைகளைக் கேட்டு மறுபடி செய்வதற்கு, நேரம் ஒதுக்குங்கள். அது நடக்க வேண்டுமென்றால் கால அட்டவணை, கொள்முதல், மதிப்பெண் மூன்றிலும் நீங்கள் கைவைக்க வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். 32 மாணவர்கள் கொண்ட வகுப்பு, நான்கு பேர் வீதம் எட்டுக் குழுக்கள், பத்து வாரம். வகுப்பறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, சன்னலைத் திறக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும் ஒரு கருவி. "காற்று மாசு பற்றி ஒரு புராஜெக்ட்" என்று கொடுத்தால் சுவரொட்டிதான் வரும். "இந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவருக்கு எந்த அறையில் எப்போது காற்றோட்டம் போதவில்லை என்று எப்படித் தெரியவைப்பது?" என்று கேட்டால் கருவி வரும். இரண்டாவது கேள்வியில் ஒரு பயனாளர் இருக்கிறார். அவர் ஆசிரியராக இருக்கக் கூடாது, ஏனென்றால் மதிப்பெண் போடுகிறவரிடம் மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை, அவர் மனதில் இருப்பதை ஊகிக்கத்தான் பார்க்கிறார்கள். பயனாளர் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பராமரிப்பாளர், நூலகர், ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், யாராக இருந்தாலும் சரி. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் கொடுக்கச் சம்மதித்தால் போதும்.

முதல் வாரம் கணினியைத் தொடவே கூடாது. பயனாளரிடம் பேசி, அவர் இப்போது என்ன செய்கிறார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், என்ன தொந்தரவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதை அவரிடமே படித்துக்காட்டி "ஆமாம், இதுதான்" என்று சொல்லவைக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தைத் தாண்டிப்போக அவசரப்படும் குழுக்கள்தான் ஐந்தாம் வாரத்தில் யாருக்கும் வேண்டாத செல்பேசிச் செயலியோடு நிற்கும்.

இரண்டாம் வாரம் பாகங்களைத் தெரிந்தெடுப்பது. முதல் பள்ளம் இங்கேதான். எம்க்யூ-135 என்ற மலிவான சென்சாரைப் பல விற்பனைப் பக்கங்கள் கார்பன் டை ஆக்சைடு அளப்பது என்றே போட்டிருக்கும். உண்மையில் அது ஆல்கஹால், அம்மோனியா, புகை என்று பலவற்றுக்கும் அசைந்து கொடுக்கும் பொதுவான வாயு சென்சார். பக்கத்தில் ஒருவர் கை சுத்திகரிப்பான் தடவினாலே அளவு எகிறும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளக்க எஸ்சிடி41, எம்எச்-இசட்19 போன்று ஒளியைக் கொண்டு அளக்கும் வகை வேண்டும். விலை பல மடங்குதான். ஆனாலும் எட்டு மலிவான பொய்களைவிட நான்கு நல்ல சென்சார்களை இரு குழுக்களுக்கு ஒன்றாகப் பகிர்ந்து கொடுப்பது மேல். உற்பத்தியாளர் தரும் தரவுத்தாளைப் படித்து எது எதை அளக்கிறது என்று கண்டுபிடிப்பதையே அந்த வாரத்தின் பாடமாக வையுங்கள். எந்தத் தொழிலுக்குப் போனாலும் விவரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

தரவுத்தாளைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். எஸ்சிடி41 தன்னைத்தானே சரிசெய்துகொள்வதற்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வெளிக்காற்றைச் சுவாசிக்க வேண்டும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. எந்நேரமும் மூடிய அறையிலேயே கிடந்தால் அந்த அறையின் மிகக் குறைந்த அளவையே அது வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். எனவே பெட்டி பிரித்த நாளிலேயே சென்சாருக்கு மின்சாரம் கொடுத்துத் திறந்த சன்னலோரம் வைத்துவிட வேண்டும். ஐந்தாம் வாரத்தில் நினைவுக்கு வந்து பயனில்லை. எந்த வேலை எதற்கு முன்னால் முடிய வேண்டும் என்பதை மாணவர்கள் வரைபடம் போட்டுக் கற்பதைக் காட்டிலும் இப்படி ஒரு சென்சாரிடம் கற்பது நன்றாகப் பதியும்.

மூன்று முதல் ஐந்து வாரம் முதல் வடிவம். இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, சென்சார், சிறு திரை, சாலிடர் செய்யாமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு. என்னென்ன கெடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், ஏனென்றால் எங்கும் ஒரே வரிசையில்தான் கெடுகிறது. கணினி போர்டைக் கண்டுகொள்ளாது. பத்தில் பல தடவை காரணம் சார்ஜ் மட்டும் செய்யும் யுஎஸ்பி கேபிள், அதில் தரவு போகும் கம்பிகளே இருக்காது. நல்ல கேபிள்களுக்கு ஒரு நிற நாடா ஒட்டி, மற்றவற்றை அறையைவிட்டே வெளியேற்றுங்கள். அடுத்து பிரெட்போர்டு. நீளமான சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். பாதிச் சுற்றுக்கு மின்சாரம் வராது, மாணவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரால் முதலில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பார், பிறகு நிரலைத் திற என்ற ஒழுங்கை எட்டுக் குழுக்களுக்கும் பழக்கிவிட்டால் ஆசிரியரின் குரல்வளம் மிஞ்சும்.

பிறகு வைஃபை. இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இணையும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள வலையமைப்பு அதற்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் ஒரு வலைப்பக்கம் திறந்து பயனர்பெயர் கேட்கும் பள்ளி வைஃபையிலும் அது திணறும், பொத்தானை அழுத்த அதற்குக் கை இல்லை. புராஜெக்ட்டுகளுக்கென்று தனியாக ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு வேண்டும், பள்ளியின் மதிப்பெண் பதிவேடுகள் இருக்கும் வலையமைப்போடு அதற்குத் தொடர்பு இருக்கக் கூடாது. கணினிப் பிரிவிடம் இதைக் கேட்டு வாங்குவது ஆசிரியரால் ஆகாது, தலைமையாசிரியரின் கையெழுத்து வேண்டும். அதுவும் முதல் வாரத்திலேயே.

நேரக் கணக்கு இன்னொரு தொல்லை. மின்சாரம் போய் வந்தால் இஎஸ்பி32-க்கு மணி மறந்துவிடும். வைஃபை இல்லாமல் எழும் போர்டு 1970 ஜனவரி 1 என்று தேதி போட்டுத் தரவைச் சேமிக்கும். டிஎஸ்3231 போன்ற தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தால் தீரும். மெமரி கார்டில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கோப்பை மூடாவிட்டால், திடீரென்று மின்சாரம் போகும்போது அன்றைய தரவும் போய்விடும். பவர் பேங்கில் ஓட்டினால் கருவி இழுக்கும் மின்னோட்டம் போதாதென்று சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

இவையெல்லாம் தீர்ந்த பிறகு வரும் தவறுதான் எங்களுக்குப் பிடித்தது. வரைபடத்தில் அவ்வப்போது ஒரு கூர்மையான உச்சி தெரியும், சில நொடிகளில் 3,000 பிபிஎம்மைத் தாண்டும். குழு நிரலை மாற்றிமாற்றிப் பார்க்கும். காரணம், திரையில் என்ன எண் என்று பார்க்க ஒருவர் குனிகிறார். நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். அளக்கிறவரே அளவைக் கெடுக்கிறார் என்று ஒரு பதினாறு வயதுக்காரர் தானாகக் கண்டுபிடிக்கும் அந்த நாள் இருபது பக்கக் குறிப்புக்குச் சமம். தயவுசெய்து யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் வாரம் கருவி பயனாளரிடம் போகிறது. குழுவில் யாரும் கூட இருக்கக் கூடாது. அவர் கையில் இருப்பது குழு எழுதிய ஒரு பக்கக் குறிப்பு மட்டும்: எப்படி இயக்குவது, எந்த எண்ணுக்கு என்ன பொருள், நின்றுபோனால் என்ன செய்வது. எழுத்துப் பயிற்சிக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. திரும்பி வரும் குறைகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "1,340 என்று காட்டுகிறது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" "பீப் சத்தம் வகுப்பைக் கலைக்கிறது, அணைத்துவிட்டேன்." "சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன." "விளக்கு மாறிமாறி மினுக்குகிறது." "கம்பியில் கால் தட்டுகிறது."

ஏழு முதல் ஒன்பதாம் வாரம்வரை இரண்டாவது வடிவம். கற்றலில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது, நம் நாட்காட்டிகளில் காணாமல் போவதும் இந்த மூன்று வாரம்தான். மினுக்கும் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000-ஐத் தாண்டினால் சிவப்பு என்று குழு எழுதியிருக்கும். அளவு 998, 1,003, 999 என்று ஆடும்போது விளக்கும் கூடவே ஆடுகிறது. 1,000-இல் ஏற்றி, 900-க்குக் கீழே இறங்கிய பிறகே அணைத்தால் ஆட்டம் நிற்கும். நிரலில் ஒரே வரி மாற்றம். ஆனால் அந்த வரிக்கு வந்துசேர, தரவை வரைந்து பார்த்து, எத்தனை எண் ஆடுகிறது என்று எண்ணி, இடைவெளி எவ்வளவு வைப்பது என்று நால்வரும் வாதாட வேண்டியிருக்கிறது. நிறம் பிரித்தறியாதவருக்காக விளக்கின் இடத்தை மாற்றுவது, எண்ணுக்குப் பதில் "சன்னலைத் திறக்கவும்" என்று இரண்டு சொல் காட்டுவது, பீப்பை எடுத்தேவிடுவது எல்லாம் இதே வகை. எல்லாக் குறையையும் சரிசெய்யக் கேட்காதீர்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ஏன் விட்டோம் என்று எழுதச் சொல்லுங்கள்.

பத்தாம் வாரம் ஒப்படைப்பு.

இப்போது மணிக்கணக்கு. 45 நிமிடப் பாடவேளையில் கருவிகளை எடுத்துவைக்கப் பத்து நிமிடம், திரும்ப அடுக்கப் பத்து நிமிடம் போனால் 25 நிமிடம் மிஞ்சும். அதில் பாதி "போன தடவை எங்கே விட்டோம்" என்பதில் கரையும். இரண்டு பாடவேளைகளை ஒட்டி 90 நிமிடமாக, வாரத்துக்கு இருமுறை கொடுங்கள். பத்து வாரத்துக்கு 30 மணி நேரம். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம்: தேர்வு நெருங்கும்போது இந்த வேளைகளை "தற்காலிகமாக" எடுத்துக்கொண்டால் வெட்டுப்படுவது எப்போதும் கடைசி வாரங்கள்தான், அதாவது இரண்டாவது வடிவம். நேரம் குறைக்கத்தான் வேண்டுமென்றால் பொருளைச் சிறிதாக்குங்கள். செய்து, கொடுத்து, திருத்தும் சுற்றை வெட்டாதீர்கள். ஐந்து வாரத்திலும் இரு வடிவம் செய்யலாம். ஒரு அறிவிப்புப் பலகையை வைத்துக்கூடச் செய்யலாம்.

கொள்முதலில் எட்டுக் குழுவுக்கு எட்டு போர்டு என்று கணக்குப் போடாதீர்கள், பத்து வாங்குங்கள். மின்முனைகளை மாற்றி இணைத்து ஒன்றாவது எரியும், எரிந்ததற்கு மாற்று வர இரண்டு வாரம் ஆனால் நான்கு மாணவர்கள் இரண்டு வாரம் வேடிக்கை பார்ப்பார்கள். எட்டுக் குழுவுக்கும் ஒரே வகை போர்டு இருக்க வேண்டும். ஒருவர் கண்ட தீர்வு மற்ற ஏழு குழுவுக்கும் உதவ வேண்டுமல்லவா? 3டி பிரிண்டர் இருந்தால் நல்லது, ஆனால் உறை ஒன்றை அச்சிட ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். எட்டுக் குழுவும் இரு வடிவமும் என்றால் பதினாறு அச்சுகள். ஒரு நாள் பள்ளி நேரத்தில் ஒன்றுக்கு மேல் முடியாது. அதனால் முதல் வடிவத்துக்கு அட்டைப்பெட்டி, இரண்டாவதற்கு மட்டும் அச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அச்சில் துளைகள் கொஞ்சம் சுருங்கியே வரும். 3 மில்லிமீட்டர் திருகுக்கு வரைபடத்தில் 3.3 வையுங்கள். அச்சுக்கு வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும், வெயில் விழும் சன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்கப் போகும் உறைக்கு அது ஆகாது. உறைக்குள் சென்சாரையும் போர்டையும் நெருக்கி அடைத்தால் போர்டின் சூடு வெப்பநிலை அளவைச் சில டிகிரி ஏற்றிவிடும் என்பதையும் இரண்டாவது வடிவத்தில்தான் கண்டுபிடிப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வீட்டு மின்னழுத்தம் ஓடும் எதையும் மாணவர் திறக்கக் கூடாது, எல்லாம் யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல்கள் வகுப்பறைக்குள் வரவே கூடாது.

எல்லாக் குழுவும் மின்னணுக் கருவி செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவர்களில் பெரும்பாலோர் போகப்போகும் வேலைகளில் சாலிடரிங் இரும்பைவிட ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத்தான் வேலை அதிகம். நூலகத்தில் எந்தப் புத்தகம் திரும்பவில்லை என்று காட்டும் ஒரு தாள், ஆய்வக இருப்புக் கணக்கு, விளையாட்டுப் பொருள்களின் வரவு செலவு எல்லாமே முழுமையான புராஜெக்ட்டுகள். கெடும் விதங்களும் அங்கே குறைவில்லை. ஒருவர் 03/04 என்று எழுதியதை மென்பொருள் மார்ச் என்று எடுத்துக்கொள்ளும், இன்னொருவர் ஏப்ரல் என்று நினைத்திருப்பார். 00417 என்ற உறுப்பினர் எண் 417 ஆகிவிடும். ஒரே பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆள்களாகும். எண்ணின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு, கூட்டல் அதை விட்டுவிடும். பயனாளர் ஒரு வரிசையை நடுவில் செருகியதும் சூத்திரம் உடையும். இத்தனைக்கும் மருந்து உண்டு: தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதவைப்பது, உறுப்பினர் எண் நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வகையாக வைப்பது, பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்யவைப்பது, சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டுவது. ஆனால் நூலகர் ஒரு வாரம் பயன்படுத்தி உடைத்துத் தந்த பிறகே இவை ஏன் தேவை என்று மாணவருக்கு உறைக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தடைசெய்வதா என்று கேட்கிறீர்கள். வேலையிடத்தில் அவை இருக்கின்றன, தடை நிற்காது. யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளியாக்குவது அதைவிட மோசம். எங்கள் யோசனை எளிது. என்ன கேட்டோம், என்ன வந்தது, அதில் எதை ஏன் மாற்றினோம் என்று மூன்று வரி பணிக்குறிப்பில் எழுத வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. அந்தக் கருவிகள் தரும் நிரல் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் குழுவின் கையில் உள்ள நிரல் நூலகப் (லைப்ரரி) பதிப்பில் இல்லாத ஒரு கட்டளையை அழைக்கும், அல்லது இஎஸ்பி32-இல் உள்ளீட்டுக்கு மட்டுமே ஆன 34-ஆம் இணைப்பு முனையில் விளக்கை ஏற்றச் சொல்லும். போர்டு ஏற்காதபோது ஏன் என்று தேடிப்போகிறவர் கற்கிறார். "மறுபடி எழுதித் தா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறவர் இரண்டு வாரத்தில் தன் குழுவாலேயே ஓரங்கட்டப்படுகிறார்.

பணிக்குறிப்பு என்றோமே, அதை நாளின் கடைசி ஐந்து நிமிடத்தில் வகுப்பிலேயே எழுதவையுங்கள். இன்று என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டது, அடுத்து என்ன. வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் ஒப்படைக்கும் முந்தைய இரவில் பத்து வாரக் குறிப்பும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் பிறக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் யார் எப்போது என்ன மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். இல்லையென்றால் கோப்புப் பெயரில் தேதி போட்டு, பழையதை அழிக்காமல் வைத்தாலே போதும். "இறுதி", "இறுதி_புதியது", "உண்மையான இறுதி" என்ற மூன்று கோப்புகளில் எது ஓடுகிறது என்று தேடுவது பெரியவர்களின் அலுவலகங்களிலும் நடக்கிற கூத்துதான்.

குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் செய்ய மூவர் வேடிக்கை பார்ப்பது பற்றி ஆசிரியர்கள் சொல்லும் புகார் உண்மை. அறிவுரையால் அது தீராது, மதிப்பெண் பிரிப்பால் தீரும். நூற்றில் பொருளுக்கு 25, முதல் வடிவத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஆதாரத்தோடு காட்டும் மாற்றத்துக்கு 25. இவை குழுவுக்கு. பணிக்குறிப்புக்கு 20, வாய்மொழித் தேர்வுக்கு 30. இவை தனி ஆளுக்கு. முதல் வடிவம் பிரமாதமாக ஓடி, பயனாளர் சொன்ன எதையும் தொடாமல் அப்படியே ஒப்படைத்த குழு 75-ஐத் தாண்ட முடியாது. முதலில் ஓடாமல் தவித்து, பிறகு சரிசெய்த குழு தாண்டலாம். பெற்றோரில் சிலர் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களுக்கு முதல் வாரத்திலேயே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வு ஆளுக்கு ஆறு நிமிடம். "எல்லையை 1,200 ஆக மாற்று, எந்த வரி?" "இந்தக் கம்பியைப் பிடுங்கினால் திரையில் என்ன தெரியும்?" "பயனாளர் சொன்ன எந்தக் குறையை விட்டுவிட்டீர்கள், ஏன்?" குழுவில் யார் செய்தது, யார் பார்த்தது என்பது மூன்றாவது நிமிடத்தில் விளங்கிவிடும். 32 பேருக்கு 192 நிமிடம், இரட்டைப் பாடவேளை இரண்டின் 180 நிமிடத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம்தான் அதிகம். வாராந்திர பரிசீலனைக்குக் குழுவுக்குப் பத்து நிமிடம் என்றால் 80 நிமிடம், ஓர் இரட்டை வேளை. ஓர் ஆசிரியர் இப்படி ஒரு வகுப்பைத் தாங்குவார். நான்கு வகுப்பை ஒரே பருவத்தில் அவர் தலையில் கட்டினால் பரிசீலனை கையெழுத்தாக மாறும், குறிப்புகள் எடை பார்த்துத் திருத்தப்படும். ஆகவே பருவத்துக்கு ஓர் ஆசிரியருக்கு ஒரு புராஜெக்ட் வகுப்பு, அதிகம் போனால் இரண்டு. அது முடியாதென்றால் எல்லா வகுப்புக்கும் அரைகுறையாகச் செய்வதைவிட இந்த ஆண்டு ஒரு வகுப்போடு நிறுத்துங்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒப்படைத்த கருவிகளைப் பத்தாம் வாரத்தோடு பிரித்துப்போடாமல், அடுத்த ஆண்டு வகுப்புக்கு நான்கை அப்படியே கொடுங்கள்: பொருள், நிரல், ஒரு பக்கக் குறிப்பு, விட்டுவைத்த குறைகளின் பட்டியல். புதிய குழுவின் முதல் வேலை அதை ஓடவைப்பது. முன்பு செய்தவர்கள் அதே பள்ளியில் மேல்வகுப்பில் இருப்பார்கள், அவர்களிடம் போய்க் கேட்கலாம், ஆனால் எழுத்தில் இருப்பதை முதலில் படித்த பிறகு. இதற்குத் தனி நிதி வேண்டாம். ஒரு பூட்டும் அலமாரியும், அதிலுள்ள பொருள்களைப் பருவ இறுதிக் கணக்கெடுப்பில் "பழுது" என்று எழுதி அகற்றிவிடாதபடி ஓர் உத்தரவும் வேண்டும்.

இப்படிக்கு,
புராஜெக்ட் வகுப்புகளை நடத்துவோரும், பள்ளி முடித்து வருவோரை வேலைக்கு எடுத்துப் பழக்குவோரும்